தொள்ளாயிரம் மைல் புழுதி

தெற்கு டகோட்டா பைக் திருவிழாவுக்குப் பைக்கை ஓட்டித்தான் வர வேண்டும் என்பது எங்கள் சங்க விதி. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டினால், தோல் ஜாக்கெட்டிலுள்ள சங்கச் சின்னத்தை எல்லோர் முன்னிலையிலும் பிய்த்துவிடுவார்கள்.

ஆகவே கர்ட்டிஸ், திருவிழாவுக்குப் பன்னிரண்டு மைல் முன்பே, மரங்கள் மறைத்த ஓய்விடத்தில், படுக்கை, ஏசி எல்லாம் உள்ள தன் வீட்டுவண்டியான மோட்டார்ஹோமை நிறுத்தினார். அதன் முதுகில் கட்டியிருந்த பைக்கை அவிழ்க்கத் தொடங்கினார்.

மனைவி ஆர்லீன் அவர்மேல் புழுதியைத் தூவினாள். “மூஞ்சில இன்னும் பூசிக்கோ. தொள்ளாயிரம் மைல் பைக் ஓட்டின மூஞ்சியா இது? ஏசில தூங்கி எழுந்த மூஞ்சி!”

“கத்தாதடி. தலைவர் ராஸ்கோ காதுல விழுந்தா நான் காலி.”

“விழுந்தாச்சு.”

குரல் வந்த பக்கம் திரும்பினால், பின்னால் ராஸ்கோ கைகட்டி நின்றிருந்தார்.

கர்ட்டிஸ் சட்டென்று முதுகைப் பிடித்துக்கொண்டார். “தலைவரே, முதுகுவலி... டாக்டர்தான்...”

“முதல் தடவையா?”

“சத்தியமா முதல் தடவை!”

“தெரியுது. பழகினவன்னா அஞ்சு நிமிஷத்துல இறக்கியிருப்பான். வண்டிய முன்னால நகர்த்துய்யா, நான் என் பைக்க இறக்கணும். எனக்குப் பின்னால நம்ம சங்கத்து ஆளுங்க பதினாலு பேர் வரிசையில நிக்கிறாங்க.”