மீதி நாலு பாட்டு

"முப்பத்தெட்டு பேர், ஒரே கம்ப்யூட்டர்! காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

சல்லடை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவருடைய நிஜப் பெயரை அலுவலகம் மறந்து பல வருஷமாகிறது. பாட்டு கேட்கிறவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளில் பொய்யானதைச் சலித்து எடுப்பது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் சொல்வதற்கு முன் அவரே அதைச் சொல்லிவிடுவார்.

இந்தத் தடவை மாட்டியது 'அடியில்லாக் கிணறு' என்ற ஹெவி மெட்டல் ஆல்பம். எட்டுப் பாட்டு. ஒன்றில்கூட வெளிச்சம் கிடையாது. கிட்டார் இடிக்கிற இடியின் நடுவே ப்ளூஸ் பாணியில் ஒரு நீண்ட சோக இழுவை வரும். கருத்து எழுதியவர்கள் மொத்தமே நாற்பது பேர்தான்.

எதிரே நின்றவர் அதைப் போட்ட குழுவின் டிரம்மர். பகலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கருத்துகளை நீக்கப்போவதாக நோட்டீஸ் கிடைத்ததும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"சத்தியமா நாங்க எழுதல சார். பாதிப் பேர் திட்டியிருக்காங்க. எங்களை நாங்களே திட்டிக்குவோமா?"

"அதுதானே சாமர்த்தியம்!" சல்லடை திரையைப் பார்த்து உரக்கப் படித்தார். "'பாடறவர் தொண்டையில ஆணி இருக்கு. டிரம்ஸ் என் நெஞ்சைவிட ஒழுங்கா அடிக்குது. மூணு ஸ்டார்.' அடுத்தவர் சொல்றார், 'இருட்டான ஆல்பம்னு பயமுறுத்தினாங்க. நான் இதைவிட இருட்டு பார்த்தாச்சு. கிட்டார் அழற இடத்துல கூடவே அழுதேன். அஞ்சு ஸ்டார்.' அடேயப்பா!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இருங்க, இதுதான் உச்சம்." சல்லடை எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மேடை நடிகர் மாதிரி கையை நீட்டினார். "'நாலு பாட்டுக்கு மேல கேட்க முடியல. பாட்டு மேல தப்பில்ல, எனக்குத்தான் அசதி. மீதியைக் கேட்டுட்டு நாளைக்கு ஸ்டார் போடறேன்.' இது போன வாரம் எழுதினது. வந்தாரா? வரல! முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தராவது ரெண்டாவது தடவை வந்து எழுதியிருக்காங்களா? நிஜமான ஆளா இருந்தா எட்டிக்கூடவா பார்க்க மாட்டாங்க?"

அலுவலகமே குலுங்கியது. டிரம்மர் மேஜைக்கு இன்னும் பக்கத்தில் வந்தார்.

"ஏழு வருஷமா போட்ட பாட்டு சார். யாருமே கேட்கலைன்னு விட்டுடலாம்னு இருந்தோம். இவங்க எழுதினதைப் படிச்சுத்தான் மறுபடி ஒண்ணு சேர்ந்தோம்." கண் கலங்கிவிட்டது. வளர்ந்த மனுஷன், இத்தனை பேர் முன்னால் என்ன செய்வார், பாவம்.

பக்கத்து மேஜை அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "பத்து நாள் மறைச்சு வெச்சு, விசாரிச்சுட்டு எடுக்கலாமே தம்பி. அதுதானே வழக்கம்?"

"சந்தேகம் இருந்தாத்தான் பத்து நாள். எனக்கு ஏது சந்தேகம்?"

'நிரந்தரமாக நீக்கு' என்ற பொத்தானை சல்லடை அழுத்தினார். அதை அழுத்தினால் அழுத்தியதுதான். யாராலும் திரும்ப எடுக்க முடியாது. டிரம்மர் படியிறங்கிப் போனார்.

நாலாம் நாள் ஒரு போன் வந்தது.

"சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். கேன்சர் வார்டு நர்ஸ். 'அடியில்லாக் கிணறு' பக்கத்துல எங்க ஆளுங்க எழுதினது ஒண்ணுகூடக் காணோமே?"

"உங்க ஆளுங்களா?"

"இனிமே வைத்தியம் இல்லன்னு ஆனப்புறம் எங்க வார்டுக்கு வர்றவங்க சார். இங்க இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். சந்தோஷப் பாட்டு போட்டா முகத்தைத் திருப்பிக்குவாங்க. இது ஒண்ணுதான் நம்மகிட்ட பொய் சொல்லலன்னு சொல்வாங்க. அந்தப் பாடகர் நல்லா பாடறாரா இல்லையான்னு கட்டிலுக்குக் கட்டில் சண்டை! சண்டை ஓய்ஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. விரல் ஓடாதவங்களுக்கு நான் அடிச்சுக் குடுப்பேன்."

சல்லடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருத்தர்கூட ஏன் இரண்டாவது தடவை எழுதவில்லை என்று இனி அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இப்ப இங்க ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்திருக்கு சார். வெளிநாட்டுல வேலை. அது வந்து சேர்றதுக்குள்ள அவங்கப்பா போயிட்டார். கடைசியா அவரே தன் கையால ஏதோ எழுதினார். அதுக்கு முன்னால நாலு பாட்டு கேட்டார், அது எனக்கு ஞாபகம் இருக்கு. என்ன எழுதினார்னுதான் தெரியல. அந்த ஒண்ணை மட்டுமாவது எடுத்துக் குடுக்க முடியுமா சார்?"

முடியாது. அது சல்லடைக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுங்க" என்றார்.

கை நீட்டி நடித்துக் காட்டியது அவருக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. பக்கத்து மேஜையில் அக்கா வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"உங்கப்பா எழுதினது இதும்மா. 'நாலு பாட்டுக்கு மேல கேட்க முடியல. பாட்டு மேல தப்பில்ல, எனக்குத்தான் அசதி. மீதியைக் கேட்டுட்டு...'"

"கேட்டுட்டு? சொல்லுங்க சார்" என்றது அந்தக் குரல்.

அடுத்த சொல் 'நாளைக்கு'. அன்றைக்கு அலுவலகத்தையே குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்த சொல், இன்று அவர் வாயில் வரவில்லை.