செவ்வாய்க்கிழமை டிராம்

“நான் இருக்கேன். அகுஸ்தேன் இருக்கான், மருமகள் இருக்கா, அவ அண்ணன் ஃபெர்னான் வந்தாச்சு, ஜிசேலும் இருக்கா. வேற ஆள் இல்லையே? அப்போ கதவைச் சாத்து. நம்ம வீட்டுப் பேச்சு துறைமுகம் வரைக்கும் போக வேண்டாம்,” என்றார் இக்னாஸ்.

மாரி-ரோஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாமனார் ஜிசேலையும் கணக்கில் சேர்த்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஏழு வயது மகள் மேசைக்கடியில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் அவளுக்குக் கேட்காது.

அது தெரியவே அந்த வீட்டுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. மேசையில் பிரெஞ்சு, அடுக்களையில் தமிழ், ஆயாவிடம் வியட்நாம்காரர்களின் அன்னாமிய பாஷை. மூன்றும் சேர்ந்து குழப்புவதால்தான் பிள்ளை பேசவில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். இனி பிரெஞ்சு மட்டும் பேசுங்கள், சரியாகிவிடும் என்று உத்தரவு போட்டவரே இக்னாஸ்தான்.

“லாய் தியூ ஊர்ல கன்னியர் பள்ளிக்கூடத்துல ஒரு இடம் காலியா இருக்காம் மாமா. பங்குச் சாமியார் சொன்னார்,” என்று ஆரம்பித்தாள் மாரி-ரோஸ். “காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே நடத்துறாங்க. கையால பேச, எழுத, தைக்க, எல்லாம் கத்துக்குடுக்கிறாங்க. அங்கேயே தங்கிப் படிக்கலாம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வேண்டாங்கறீங்க?”

“வேண்டாம்னு யார் சொன்னா? பாஸ்குத் திருநாள் முடியட்டும்.”

“டிசம்பர்ல நத்தாருக்கு முந்தி கேட்டா நத்தார் முடியட்டும்னீங்க. இப்போ பாஸ்கு. அதுக்குள்ள அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துடுவாங்க.”

ஃபெர்னான் தொண்டையைச் செருமினான். “மாமா, என் தங்கச்சியும் தனக்குத் தெரிஞ்சதையெல்லாம் செஞ்சு பாத்துட்டா. பிள்ளையைக் கூப்பிடணும்னா பலகைத் தரையில காலால தட்டுறா. ஜன்னல் பக்கம் போய் மூஞ்சியில வெளிச்சம் படற மாதிரி நின்னு பேசறா. இதுக்கு மேல வீட்டு வைத்தியம் ஓடாது.”

“நீ துறைமுகத்துல மூட்டை எண்ணு. எங்க வீட்டுப் பிள்ளையை நாங்க பாத்துக்கறோம்.”

“எண்ணி முடிச்சிட்டுத்தான் மாமா வந்திருக்கேன்.”

மாரி-ரோஸுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. கணவன் அகுஸ்தேனின் தங்கை ஐரேனுக்குப் பாண்டிச்சேரியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தவக்காலத்தில் கலியாணம் கிடையாது. பாஸ்கு எனும் உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பிறகுதான் தாலி. அதற்குள் பெண்ணின் அண்ணன் மகள் செவிடர் பள்ளியில் சேர்ந்த சேதி சம்பந்தி வீட்டுக்கு எட்டிவிடக் கூடாது. கோயிலில் முதல் வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான இக்னாஸுக்கு அது தலைகுனிவு.

“ஐரேன் கலியாணம் முடியணும். அதானே மாமா?”

இக்னாஸ் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

அதுதான் அவள் பொறுமையைத் தீர்த்தது. “அப்போ நானும் சொல்றேன். பேத்திக்கு நீங்க செஞ்சது சாயங்காலம் பாலம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனது ஒண்ணுதான். ஆனா செவ்வாய்க்கிழமையானா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு வடக்கே போற டிராம்ல ஏறிடுறீங்க. இருட்டினப்புறம்தான் திரும்பறீங்க. அங்க ஒரு அன்னாமியப் பொம்பளை வச்சிருக்கீங்கன்னு நம்ம கான் ஹொய் பேட்டை முழுக்கச் சிரிக்குது. அதுல போகாத மானம் என் பொண்ணு படிச்சாத்தான் போகுதா?”

“மாரி-ரோஸ்,” என்றான் அகுஸ்தேன். அன்று அவன் பேசியது அது ஒன்றுதான்.

“சொல்லட்டும் விடு.” இக்னாஸ் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போவோம். நானும் வரேன்.”

“ஊர் வாய்க்குப் பயந்துட்டார்,” என்று ஃபெர்னான் வாசலில் தங்கையிடம் சொன்னான். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. மாமனாரைக் குத்திக் காட்டியதில் சந்தோஷம் இல்லை. பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும்.

ஞாயிறு மதியம் லாய் தியூவில், பள்ளியின் மூத்த கன்னியாஸ்திரீ ஜிசேலின் கைவிரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாரி-ரோஸிடம் சொன்னார்: “இடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டில் ஒருவருக்காவது கைப்பேச்சு தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், லீவுக்குப் போகும் பிள்ளை பேச ஆள் இல்லாமல், படித்ததை எல்லாம் மறந்துவிட்டு வருகிறது.”

மாரி-ரோஸ் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லையே.”

கன்னியாஸ்திரீ வியப்போடு இக்னாஸைப் பார்த்தார்.

இக்னாஸ் தொப்பியைக் கழற்றி பெஞ்சின் மேல் வைத்தார். பேத்தியின் முன் குனிந்து, வயதில் விறைத்துப்போன தன் விரல்களை மெதுவாக மடக்கி விரித்து ஏதோ கேட்டார். ஜிசேல் இரண்டு கைகளாலும் படபடவென்று பதில் சொன்னாள்.

“தண்ணி கேக்கறா,” என்றார் மருமகளிடம். “இன்னொண்ணும் சொன்னா. அது எனக்குப் புரியலை.”

இக்னாஸ் செவ்வாய்தோறும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார் என்று கான் ஹொய்யில் பேசிக்கொண்டது பொய். அந்த நிபந்தனை தெரிந்தே அவர் வந்துகொண்டிருந்தது இந்த வகுப்பறைக்கு. கற்ற கொஞ்சத்தைச் சாயங்கால நடையில் பேத்திக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைகளோடு முன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தும் பாதிப் பாடம்கூட முடியாததால்தான் நத்தார், பாஸ்கு என்று தள்ளிப்போட்டார்.