மீட்கப்பட்ட தேரோட்டம்

தமிழ்க் கலையுலகுக்கு இழைக்கப்பட்ட மாபெரும் அநீதி ஒன்று, ராஜபாளையத்துத் தியேட்டரில் இன்று மேட்னி காட்சியில் துடைக்கப்படுகிறது. இயக்குநர் எடுத்த படத்தை வெட்டில்லாமல் முழுசாகக் காட்ட வேண்டுமென்று ரசிகர் மன்றத் தலைவர் பொன்னுராஜ் தட்டி கட்டி, கோஷம் போட்டு, உண்ணாவிரதம் கிடந்து மீட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டக் காட்சி இதோ திரையில் விரிகிறது. பீடிப் புகையைக் கிழித்து வரும் வெளிச்சத்தில் அவர் நெற்றி வியர்வை மின்னுகிறது. கலைத்தாகம் உண்மைதான், ஆனால் படப்பிடிப்பன்று அந்தக் கூட்டத்தில் அவரும் நின்றதை மனைவி இசக்கியம்மாள் இதுவரை நம்பவில்லை. அதற்காகவே அவளையும் மம்சாபுரத்து மாமியாரையும் கூட்டி வந்திருக்கிறார். திரையில் வடம் பிடித்த ஊரே இழுப்பதை மறந்து, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. ஒரே ஒரு கட்டம்போட்ட சட்டை மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறது.

“அந்தா, அது நான்தான்!”

“மூஞ்சியக் காணுமே?” என்கிறாள் இசக்கியம்மாள்.

“கேமராவப் பாக்காதீங்கன்னு டைரக்டர் சொன்னாருல்லா, அதான் திரும்பிட்டேன்.”

“ஊரே பல்ல இளிக்கி, ஒங்களுக்கு மட்டும் ஒழுக்கம் பொத்துக்கிட்டு வந்துச்சாக்கும்! அது எவன் முதுகோ!”

மாமியார் முறுக்கைக் கடிக்கிறார்.

இந்தக் காட்சி வேண்டாமென்று முதலில் வெட்டியவரே அந்த இயக்குநர்தான்.