தவணை தவறாதவன்

“உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே சார்” என்றாள் வங்கியின் கடன் அதிகாரி, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி.

ஒன்றுமே இல்லைதான். அதைத்தானே இத்தனை வருடம் கட்டிக் காத்தார்?

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்கு ‘ரொக்கம்’ என்று பேர். பத்து வயதில், மளிகைக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு கடன் பாக்கிக்காக அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டவர். மறுநாளே ஒரு நோட்டில் வரவு செலவு எழுத ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு தன் பேரில் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. ஃப்ரிட்ஜுக்கு மூன்று வருடம் பணம் சேர்த்தார். மூன்று கோடையும் வீட்டில் சுடுதண்ணீர் மாதிரியான தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

மகளுக்கு ஏழு வயதிலேயே அந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தாயிற்று. ஒரு பென்சில் வாங்கினாலும் தேதி போட்டு எழுதுகிறாள்.

அதிகாரி பொறுமையாக விளக்கினாள். கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவருக்குத்தான் கிரெடிட் ஸ்கோர் உண்டு. வாங்கவே வாங்காதவர் நல்லவரா கெட்டவரா என்று வங்கிக்கு எப்படித் தெரியும்?

ரொக்கம் பதினான்கு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கிறார். பாதிப் பணம் கையில் இருக்கிறது. மீதிக்கு, வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக் கடிதம் காட்டாவிட்டால் வாங்குவதற்கு வேறு ஆள் தயார்.

நல்ல ஸ்கோர் உள்ள யாராவது ஜாமீன் போட்டால் பார்க்கலாம் என்றாள் அதிகாரி.

துணைக்கு வந்திருந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பக்கத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். செல்போன் கடை மேனேஜர். சம்பளம் பத்தாம் தேதிவரை தாங்காது. போன், டிவி, பைக், அப்புறம் அதைவிடப் பெரிய பைக் என்று தவணையிலேயே வாழ்கிறவன். தன் அடையாள அட்டையை விளையாட்டுப்போல் நீட்டினான்.

அதிகாரி தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

பன்னிரண்டு வருடத்தில் ஆறு கடன். ஐந்து முடிந்துவிட்டது, ஆறாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தவணைகூட ஒரு நாள் பிந்தவில்லை. இப்படி ஒரு ஸ்கோரை அவள் இந்தக் கிளையில் பார்த்ததே இல்லையாம். அவனுக்கு மட்டும் காபி வரவழைத்தாள்.

மச்சினனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“இதெல்லாம் சின்ன வயசுலேயே பழகிக்கணும் மேடம்.”

ரொக்கம் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

பொறாமை என்று நினைத்தாளோ என்னவோ, அதிகாரி அவரைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தாள்.

படிவம் வந்தது. மச்சினன் மூன்று இடத்தில் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டான். கடிதம் நாளைக்கே கிடைக்கும், பணம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை ஜாமீன் போட்டவரின் பேரும் கெடாமல் இருக்க வேண்டும் என்றாள் அதிகாரி. ரொக்கத்துக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான். அது மட்டும்தானா என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

படியிறங்கும்போது மச்சினன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டான்.

“என் தவணையை வழக்கம்போல அஞ்சாம் தேதியே கட்டிடுங்க மாமா. ஒரு நாள் பிந்தினாக்கூட என் பேர் கெட்டுடும். அப்புறம் உங்க வீட்டுக்குத்தான் சிக்கல்.”

தம்பியை யாராவது வாசலில் வந்து கேட்டுவிட்டால் மனைவி தாங்கமாட்டாள் என்று, அந்த ஆறு கடனையும் பன்னிரண்டு வருடமாகக் காதும் காதும் வைத்தாற்போல் கட்டிவருகிறவர் தலையை ஆட்டினார்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.