அண்ணாந்து பார்த்தவள்

போப்பாண்டவர் ஆண்ட ரோமில், தணிக்கைப் பாதிரியார் தெல்மோந்தே தலையசைக்காமல் எந்தச் சாமிப் படமும் அச்சேறாது. ஒத்தாவியோ செப்புத் தகட்டில் செதுக்கி, மாதிரிக்கு ஒற்றியெடுத்து வந்த தாளைப் பார்த்ததும் அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

“விசுவாசத்தையே பொண்ணா வரைஞ்சிட்டியேப்பா! பழைய சிலை மாதிரி உடுப்பு, கையில சிலுவை. ஆனா உசுரே அந்தக் கண்ணுலதான்! அண்ணாந்து பார்த்து என்னமா உருகுறா! யாருப்பா இவ?”

“என் சம்சாரம்தான் சாமி,” என்று பக்கத்தில் நின்ற ஜெர்த்ரூதேயைக் காட்டினான்.

“எந்தக் கோயில்லம்மா இப்படி வேண்டிக்கிட்டே?”

ஒத்தாவியோ கண்ஜாடை காட்டினான். அவள் கவனிக்கவில்லை.

“கோயில்ல இல்ல சாமி, லாட்டரிக் குலுக்கல்ல! மேல மாடத்துல நம்பர் எடுக்கறாங்க, எனக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு வரணும்!”

ஒத்தாவியோவுக்கு உயிரே போய்விட்டது.

பாதிரியார் மெல்லப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“வந்துதாம்மா?”