மகாராணி

"தண்ணி வேணும்னா வாயைத் திறந்து கேளுங்க. இந்த ஊமை ஜாடையெல்லாம் எனக்குப் புரியாது."

தம்பி பெண்டாட்டியின் குரல் வாசல்வரை கேட்டது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பிக்கு வாயில் புற்றுநோய். தாடையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பெடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவனிடமா இந்த அதட்டல்?

எட்டிப் பார்த்தாள். தம்பி நாற்காலியில் கிடந்தான். டம்ளரைக் காட்டினான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கும்பிடாத குறை.

அவளோ டம்ளரைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். "முதல்ல கூப்பிடுங்க. எப்படிக் கூப்பிடணும்?"

"ம... கா..." அவன் கண்ணில் நீர் முட்டியது. "ரா... ணி."

"'கா' சரியா விழல. இன்னொரு தடவை."

"அடிப்பாவி!" அக்கா உள்ளே பாய்ந்தாள். "சீக்காளி வாயால உனக்குப் பட்டம் கேக்குதா? மகாராணியாம்! கண்ணாடியில மூஞ்சியப் பாத்திருக்கியாடி?"

"வாங்க அண்ணி" என்றாள் அவள். அவ்வளவுதான். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்?

டம்ளரைப் பிடுங்கி, ஸ்ட்ரா போட்டு, தம்பியின் உதட்டில் வைத்தாள் அக்கா.

"நீ பேசாத கண்ணு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா என் வீட்டுக்குத்தானே வந்த? ஒரு வார்த்தை பேச விட்டிருப்பேனா? நீ கண்ணசைச்சா போதும், எல்லாத்தையும் அரைச்சு வடிகட்டிக் கொண்டு வந்து நிப்பேன். ராஜா மாதிரி வெச்சிருந்தேன். இவ ஒரு வாய் தண்ணிக்குப் பட்டாபிஷேகம் பண்ணிக்கிறா! கெளம்பு, போலாம்."

அலமாரியைத் திறந்து அவன் சட்டைகளைப் பையில் திணித்தாள்.

தம்பி பெண்டாட்டியின் முகம் வெளுத்தது. "மறுபடியும் வேண்டாம் அண்ணி..."

"நீ வாயை மூடு!"

தம்பி எழுந்தான். ஸ்ட்ராவை வீசி எறிந்தான். பையை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்தான். இரண்டு விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுக் காட்டினான்.

"உன் வீட்டுக்கு வந்தப்ப... இவ்வளவு திறந்துச்சு. அங்கேர்ந்து கெளம்புறப்ப... ஒரு விரல்கூட நுழையல. ஆட்டாம அசைக்காம... தாடை இறுகிப்போச்சு அக்கா."

அக்கா கையில் ஒரு சட்டை மிச்சம் இருந்தது.

"ஆஸ்பத்திரியில பயிற்சி சொல்லித் தர்ற அம்மாதான்... 'ஆ' வர்ற மாதிரி ஒரு வார்த்தைய... நாளெல்லாம் சொல்லச் சொன்னாங்க. இப்பதான்... மறுபடி ரெண்டு விரல்."

அக்கா விடுவாளா? "அதுக்கு ஊர்ல வேற வார்த்தையே இல்லையா? கட்டின பெண்டாட்டிய நீ எப்பவும் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டா ஆகாதா?"

தம்பி மனைவியைப் பார்த்தான். கோணிய வாயால் சிரித்தான்.

"இத்தனை வருஷமா 'ஏய்'னுதானே கூப்பிட்டேன்... அதுக்கு வாயைத் திறக்கவே வேண்டாமே அக்கா."