சிங்கப்பூர் வீடியோ கேம்

பரணில் கிடந்த பழைய வீடியோ கேமைப் பற்றி ரிஜ்வான் பேசாத நாளில்லை. அவனுக்குத் தெரியாமல் மனைவி ஜபீன் அதைப் பொன்னேரியில் ரிப்பேர் செய்து வாங்கினாள். நாத்தனார் இர்பானா வந்த பெருநாளன்று, ஆசையாகக் கலர் டிவியில் இணைத்தாள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே நகரும் ஒரு புள்ளி.

அண்ணனும் தங்கையும் முழித்தார்கள்.

ஜபீனுக்கு முகம் வாடியது. “இன்னாங்க, சின்ன வயசுல ஆடுனது இது இல்லியா?”

“இதான் அண்ணி. ஆனா பந்து இவ்ளோ மெதுவாவா போவும்?” என்றாள் இர்பானா.

ரிஜ்வான் சிரித்தான். “அத்தா சிங்கப்பூர்லருந்து இத்த கொண்டாந்தப்ப நம்ம ஊட்ல ஏது டிவி? நான் வாயால ‘டொக்’னுவேன், இவ திருப்பி அடிப்பா.”

ஜபீன் எழுந்து டிவியை அணைத்தாள்.

“டொக்!” என்றான் ரிஜ்வான்.

“போங்கு அடிக்காதண்ணே, பந்து வெளிய போய்டுச்சு!” என்று சண்டைக்கு வந்தாள் இர்பானா.